என் பொண்ணு காதுக்கு நான் எழுதின "பாஸ்"

என் பொண்ணுக்கு ரெண்டு காதும் கேக்குதுன்னு கார்டுல எழுதினது நான்தான். வேற யாரும் இல்ல. என் கையெழுத்து, என் கையொப்பம், தேதி எல்லாம் போட்டு, முத்திரையும் குத்தி, நானே என் ஹேண்ட்பேக்ல வெச்சுக்கிட்டேன். அவளுக்குக் காது கேக்கலைன்னு தெரிய அதுக்கப்புறம் ஒன்றரை வருஷம் ஆச்சு.

இப்ப அவ பேச்சுப் பயிற்சிக்கு உள்ள போயிருக்கா. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து இதை எழுதறேன். வாரத்துல ரெண்டு நாள் இதே பெஞ்சு. பக்கத்துல உக்கார்ற அம்மாங்க ஆளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. எல்லார் கதையிலயும் ஒரு நர்ஸ் வருவா. "ஒண்ணும் இல்லம்மா, வூட்டுக்குப் போ"ன்னு சொன்னவ. அவளை வாயாரத் திட்டுவாங்க. நானும் தலையாட்டிக் கேட்டுனு இருப்பேன். அந்த நர்ஸ் என்னை மாதிரி ஒருத்திதான்னு சொல்ல எனக்கு வாய் வந்ததில்ல. அதான் எழுதறேன்.

என் பேரு செல்வி. ஜவ்வாது மலையில பொறந்தவ, ஜமுனாமரத்தூர்லயே வாக்கப்பட்டவ. வூட்டுக்காரர் ஏழுமலை, புளியும் சாமையும் வாங்கி விக்கிறவர். நான் அடிவாரத்துல ஒரு ஆஸ்பத்திரில பிரசவ வார்டு ஸ்டாஃப் நர்ஸ். தினமும் மலை பஸ்ல எறங்கி, மலை பஸ்ல ஏறி வேலை பாக்கறவ. ஆஸ்பத்திரி பேரு வேணாம். பேரைச் சொன்னா அங்க இருக்கற நாலு பேரைத் திட்டிட்டு, நம்ம ஊர் ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரின்னு நிம்மதியா தூங்கப் போயிடுவீங்க.

அந்த மிஷின் எங்க வார்டுக்கு வந்தப்ப நான்தான் எல்லாருக்கும் முன்னாடி போய் நின்னேன். பொறந்த குழந்தைக்குக் காது கேக்குதான்னு பாக்கற மிஷின். பழைய செல்போன் அளவுக்குத்தான் இருக்கும். அதுல இருந்து ஒரு ஒயர், ஒயர் நுனியில குட்டியா ஒரு ரப்பர் மூக்கு. அதைக் குழந்தை காதுல வெச்சா மெதுவா ஒரு சத்தம் போடும். உள்காது நல்லா இருந்தா, அந்தச் சத்தத்துக்கு அதுல இருந்து ஒரு எதிரொலி வரும். நம்ம காதுக்கு அது கேக்காது, மிஷினுக்குக் கேக்கும். எதிரொலி வந்தா "பாஸ்". வரலைன்னா "ரெஃபர்", அதாவது திரும்பப் பாக்கணும். குழந்தை தூங்கினு இருந்தாலே போதும், அழ வேணாம், திரும்ப வேணாம். ரெண்டு நாள் பயிற்சி குடுத்து, மிஷினைக் கையில குடுத்து, "இனிமே உங்க வார்டுல பொறக்கற ஒரு குழந்தையும் தப்பக் கூடாது"ன்னு சொல்லி அனுப்பினாங்க.

தப்ப விடக் கூடாதுன்னுதான் நானும் நெனச்சேன். வார்டுல ஒரே கூச்சல், அங்க வெச்சுப் பாத்தா மிஷின் எல்லாத்தையும் ரெஃபர்னே சொல்லும். அமைதியான எடம் தேடித் தேடி, கடைசில துணி அடுக்கற ரூமைக் கண்டுபுடிச்சேன். சுத்தி பெட்ஷீட் மூட்டை, வெளிச் சத்தமே உள்ள வராது. நானே பெருக்கித் தள்ளி, ஒரு மேஜை போட்டு, கதவுல பேரு எழுதி ஒட்டினேன். ரெண்டாவது நாள் பால் குடிச்சுத் தூங்கற நேரத்துல தூக்கினு போய்ப் பாக்கணும், அப்ப விட்டுப் போனா ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு வர்றப்ப பாக்கணும்னு முறை வெச்சேன். மொதல் நாள் பாத்தா காதுல அழுக்கும் தண்ணியும் இருக்கும், சும்மா சும்மா ரெஃபர் வரும். எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாம செஞ்சேன்னு சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்ல.

மிஷின் சொன்னதை ஒரு கார்டுல எழுதித் தாய்கிட்ட குடுக்கணும். அந்தக் கார்டுல கடைசியா ஒரு கட்டம் இருக்கும். குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையா இருந்துச்சா, எடை ரொம்பக் குறைவா, கண்ணாடிப் பெட்டில இருந்துச்சா, சொந்தத்துல கல்யாணமா, குடும்பத்துல யாருக்காவது காது கேக்காதா. இதுல ஒண்ணுக்கு டிக் போட்டாலும், மிஷின் பாஸ்னு சொன்னாலும் பரவால்ல, அந்தக் குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு "பெரா"ன்னு இன்னும் துல்லியமா காதைச் சோதிக்கிற டெஸ்டுக்கு அனுப்பியே ஆகணும். பயிற்சி குடுத்த டீச்சரம்மா இதை ரெண்டு தடவை சொன்னாங்க. நான் நோட்டுல அடிக்கோடு போட்டு எழுதிக்கிட்டேன்.

மொத மாசம் ஒழுங்கா டிக் போட்டேன். ஆனா மலையில இருந்து வர்ற பொம்பள, அடிவாரத்துக்கு வந்து பிள்ளை பெத்ததே பெரிய சங்கதி. பச்ச உடம்போட அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன்னா எங்க போவா? மத்தியான பஸ் போயிடும்னு பிள்ளையைச் சுருட்டினு ஓடறதுலயே இருப்பாங்க. ஒருத்தியும் போகல. அப்ப ரிஜிஸ்டர்ல என் பேர்ல பாக்கி ஏறிச்சு. அனுப்பினது இத்தனை, போனது ஒண்ணும் இல்ல.

மாசாந்திரக் கூட்டத்துல அதிகாரி என்னை எழுப்பி நிக்க வெச்சார். "ஏம்மா, மத்த ஆஸ்பத்திரில எல்லாம் பாக்கி இல்லாம முடிச்சிருக்காங்க. உங்க ஊருக்கு மட்டும் இன்னா செவிட்டுக் குழந்தையாவே பொறக்குதா?" எல்லாரும் சிரிச்சாங்க. மத்தவங்க எப்படிப் பாக்கி இல்லாம முடிச்சாங்கன்னு நான் வெளிய வந்து பக்கத்து ஊரு சிஸ்டரைக் கேட்டேன். அவ சாதாரணமா சொன்னா. "கடைசிக் கட்டத்துல எதுவும் இல்லைன்னு ஒரு கோடு போட்டுட்டுப் போவியா, அதை எவன் பாக்கறான்?"

அடுத்த மாசத்துல இருந்து நானும் கோடு போட்டேன். டிக் போட்டா பாக்கி வரும், கோடு போட்டா வராது. கோடு போடச் சொல்லி யாரும் ஆர்டர் போடல. அந்த வருஷம் எங்க ஆஸ்பத்திரிக்குப் பாராட்டுச் சான்றிதழ் குடுத்தாங்க. போட்டோவுல நான் பல்லைக் காட்டினு நிக்கறேன்.

கோடு போட ஆரம்பிச்ச புதுசுல ஒருத்தி, மல்லிகான்னு பேரு. பஸ்ஸை விட்டு எறங்கி ஒரு மணி நேரம் நடக்கற கிராமம். அவ பையனுக்கு மூணாம் நாள் மஞ்சள் ஏறி, பெரிய ஆஸ்பத்திரில நீல லைட்ல வெச்சுக் காப்பாத்திக் கொண்டாந்தாங்க. தடுப்பூசிக்கு வந்தப்ப மிஷின்ல பாத்தேன், பாஸ். கட்டத்துல கோடு.

ஒம்பது மாசம் கழிச்சு அவ பையனைத் தூக்கினு வந்தா. "கூப்ட்டா திரும்ப மாட்டேங்கறான் நர்சம்மா. தட்டு வுழுந்தா ஒரு நாளு திரும்பறான், ஒரு நாளு திரும்பல." நான் கார்டைப் பாத்தேன். "பாஸ் ஆயிருக்கும்மா, நல்லாத்தான் இருக்கான்"னு அனுப்பிட்டேன். அப்புறமும் ஒரு தடவை வந்தா. அப்ப நான் நெற மாசம், நிக்கவே முடியல, அதையே சொன்னேன்.

எனக்குப் பொண்ணு பொறந்தா. தர்ஷினின்னு பேர் வெச்சோம். பொறந்த மூணாம் நாள் வூட்டுக்கு வந்துட்டோம். அன்னிக்கே ஏழுமலை சொன்னார், "இன்னா செல்வி, கொழந்த கண்ணு மஞ்சளா கீது." எனக்குக் கோவம் வந்துச்சு. நான் நர்ஸா, அவர் நர்ஸா? "எல்லாக் குழந்தைக்கும் வரும், காலையில வெயில் காட்டினா போயிடும்"னு சொன்னேன். ஊருக்கெல்லாம் சொன்ன அதே வார்த்தை. ரெண்டு நாள் வெயில் காட்டினேன். அதுக்கப்புறம் அவ பால் குடிக்க எழும்பவே இல்ல, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். ஏழுமலை என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம புளி லோடு ஏத்தற வண்டியை எடுத்துனு வந்து வாசல்ல நிறுத்தினார்.

பெரிய ஆஸ்பத்திரில ரத்தம் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் ஓடினார். டாக்டருங்க ஓடினா நர்ஸுக்கு அர்த்தம் தெரியும். என் ரத்தமும் குழந்தை ரத்தமும் வேற வேற குரூப். என் உடம்புல இருந்து போன ஏதோ ஒண்ணு அவ ரத்தத்தை உடைக்குது, அந்த உடைஞ்சதுல இருந்து வர்ற மஞ்சள் மூளைக்கு ஏறப் பாக்குது. தொப்புள் வழியா அவ ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, வேற ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. அப்புறம் கண்ணைக் கட்டி நீல லைட்டுக்கு அடியில அஞ்சு நாள். நான் கண்ணாடிக்கு வெளிய நின்னேன். பால் கட்டிப் போயி நெஞ்சு கல்லா இருந்துச்சு. ஏழுமலை எங்கயோ போயி வெந்நீர் வாங்கினு வந்து, துணியை நனைச்சுப் புழிஞ்சு குடுத்துட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டார். அத்தனை பொம்பளைங்க நடுவுல அவர் ஒருத்தர்தான் ஆம்பள. போங்கன்னு சொன்னாலும் போகல.

பொழச்சா. பொழச்சதுல எல்லாமே சரியாயிடுச்சுன்னு நெனச்சேன். ஒன்றரை மாசத் தடுப்பூசிக்கு எங்க ஆஸ்பத்திரிக்கே தூக்கினு போனேன். துணி ரூம்ல, என் மேஜையில, நானே மிஷினை வெச்சேன். வலது பாஸ், எடது பாஸ். கூட இருந்த சிஸ்டருங்க கை தட்டினாங்க. கார்டை எழுதினேன். கடைசிக் கட்டம் வந்துச்சு. மஞ்சள் காமாலை கடுமையா இருந்துச்சான்னு கேட்டிருந்துச்சு. ரத்தம் மாத்திக் கொண்டாந்த குழந்தை மடியில கெடக்குது. என் கை கோடு போட்டுச்சு. பாக்கி வரக் கூடாதுன்னு நெனச்சுப் போட்டனா, பழக்கத்துல போட்டனா, எனக்கே தெரியல. எத்தனையோ தடவை யோசிச்சுப் பாத்துட்டேன்.

ஒரு வருஷம் லீவு முடிஞ்சு வேலைக்குப் போன வாரமே மல்லிகா மூணாவது தடவை வந்தா. பையனுக்கு ரெண்டரை வயசு, ஒரு வார்த்தை பேசல. வார்டு நெறஞ்சு கெடந்துச்சு, எனக்கு வேலைக்கு வந்த எரிச்சல், பொண்ணை வுட்டுட்டு வந்த எரிச்சல். "எத்தினி வாட்டிம்மா சொல்றது? காது கேக்குது. செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்க, பிடிவாதம் புடிக்கிறான். கொஞ்சம் கண்டிச்சு வளர்த்தா பேசுவான், போ." அவ கார்டை மடிச்சு முந்தானையில முடிஞ்சுனு போனா.

அதுக்குள்ளயே என் வூட்லயும் அது நடந்துனு இருந்துச்சு. தர்ஷினி ஒரு நாளு கூப்ட்டா திரும்புவா, ஒரு நாளு திரும்ப மாட்டா. கதவு அடிச்சா சில சமயம் தூக்கிவாரிப் போடும், சில சமயம் வெளையாடினே இருப்பா. ஏழுமலை பின்னாடி நின்னு தட்டைத் தட்டித் தட்டிப் பாப்பார். நான் கார்டை எடுத்துக் காட்டுவேன். "பாஸ், பாருங்க." அவர் அதை வாங்கிப் பாத்துட்டு ஒரு நாள் சொன்னார், "கார்டுக்குக் கேக்குது செல்வி. கொழந்தைக்குக் கேக்கலையே."

ஒரு காது டாக்டர்கிட்ட காட்டினோம். அவர் கார்டைப் பாத்தார். "பாஸ் ஆயிருக்கே, அப்புறம் இன்னா? சில குழந்தைங்க லேட்டாப் பேசும். நீங்களே நர்ஸ்தானே, பயப்படலாமா?" ரெண்டே நிமிஷம். எங்கிட்ட வந்தவங்களுக்கு நான் அந்த ரெண்டு நிமிஷம் கூட குடுத்ததில்ல. இன்னொருத்தர்கிட்ட போனோம், அவரும் கார்டைத்தான் பாத்தார், பொண்ணைப் பாக்கல. ஆறு மாசம் இப்படியே போச்சு. கடைசில ஏழுமலைதான் கார்டைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிட்டு, "கார்டு இல்லாம போலாம் வா"ன்னு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போனார்.

பெரா டெஸ்டுக்கு ஒரு வாரம் கழிச்சு நேரம் குடுத்தாங்க. அன்னிக்குக் குழந்தையைச் சீக்கிரமா எழுப்பித் தூங்க விடாம வெச்சிருக்கணும், அங்க போயி தூக்க மருந்து குடுப்பாங்க. பஸ்ல அவ சொக்கிச் சொக்கி விழறதும், ஏழுமலை ஜன்னலுக்கு வெளிய குரங்கைக் காட்டி எழுப்பறதும். அங்க நெத்தியிலயும் காதுக்குப் பின்னாடியும் ஒயர் ஒட்டினாங்க. காதுல டிக் டிக்னு சத்தம் போடுவாங்க. அந்தச் சத்தம் நரம்பு வழியா மூளைக்குப் போச்சுன்னா ஸ்கிரீன்ல அலை அலையா வரும். ஒரு மணி நேரம் ஸ்கிரீனையே பாத்துனு இருந்தேன். சத்தத்தை ஏத்தி ஏத்திப் பாத்தாங்க. அலை வரவே இல்ல.

அந்த ஆடியாலஜிஸ்ட், காது கேக்கற திறனை அளந்து சொல்ற டாக்டரம்மா, சின்ன வயசுக்காரங்க. பொறுமையா சொன்னாங்க. "உள்காது நல்லா இருக்குங்க. எதிரொலி வருது, அதனாலதான் சின்ன மிஷின் பாஸ்னு சொல்லியிருக்கும். ஆனா உள்காதுல இருந்து மூளைக்குப் போற நரம்பு ஒழுங்கா சேதி கொண்டு போகல. மஞ்சள் காமாலை அந்த நரம்பைத்தான் மொதல்ல பதம் பாக்கும். சில நேரம் சத்தம் தெரியும், ஆனா பேச்சு எதுவும் புரியாது." அப்புறம் பொறந்தப்ப எழுதின கார்டைக் கேட்டாங்க. இல்லைன்னு சொல்லத்தான் நெனச்சேன். ஏழுமலை எப்பவோ அதை எடுத்துச் சட்டைப் பையில வெச்சிருந்திருக்கார். குடுத்தார்.

"மஞ்சள் காமாலை இருந்திருக்கு, இங்க கோடு போட்டிருக்காங்களே? டிக் போட்டிருந்தா மூணு மாசத்துலயே கண்டுபுடிச்சிருக்கலாமே. யாருங்க இதை எழுதினது?"

நான்தான்னு சொன்னேன். அந்தம்மா பேனாவை மூடி வெச்சுட்டாங்க. ஏழுமலை என்னைப் பாக்கல. வெளிய வந்ததும், "வா, டீ குடிக்கலாம்"னு மட்டும் சொன்னார். இந்த நாள் வரைக்கும் அவர் அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கேட்டுத் திட்டியிருந்தார்னா நல்லா இருந்திருக்கும்.

மொதல்ல காதுக்கு மிஷின் மாட்டிப் பாத்தாங்க, பலன் இல்ல. அப்புறம் ஆபரேஷன். காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு கருவியை வெச்சு, அதுல இருந்து உள்காதுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி வுடுவாங்க. அது நரம்பை நேரா தட்டி எழுப்பும். சின்ன வயசுலயே செய்யணும். மூளையில பேச்சுக்குன்னு இருக்கற எடம் சும்மா கெடந்தா வேற வேலைக்குப் போயிடும், ரெண்டு வயசு நல்லது, நாலைத் தாண்டினா ரொம்பக் கஷ்டம்னு சொன்னாங்க. தலை நெறையக் கட்டோட அவளை வெளிய கொண்டாந்தப்ப, என் மேல கோவமா முகத்தைத் திருப்பிக்கிட்டா. கருவிக்கு சுவிட்ச் போட்ட அன்னிக்கு வீறிட்டு அழுதா. சந்தோஷத்துல இல்ல, பயத்துல. இப்ப தண்ணியைத் "தன்"னுங்கறா. ரெண்டு வயசு பத்து மாசம்.

நாலு வயசுன்னு டாக்டரம்மா சொன்னப்பவே மல்லிகா பையன் வயசை என் மனசு கணக்குப் போட்டுடுச்சு. ஆனா பொண்ணு ஆபரேஷன், பயிற்சின்னு எனக்கு நானே சாக்கு சொல்லி எட்டு மாசம் ஓட்டினேன். அதையும் எழுதிடறேன். போன மாசம்தான் பழைய ரிஜிஸ்டரை எடுத்து, நீல லைட்டுக்குப் போயிட்டு வந்த குழந்தைங்க பேரை எல்லாம் தனியா எழுதினேன். எல்லாத்துலயும் என் கோடு. அதிகாரிகிட்ட கொண்டு போனேன். "பழசைக் கிளறி எல்லாரையும் மாட்டி வுடப் பாக்கறியா?"ன்னு கேட்டார். லீவு போட்டு நானே கிளம்பினேன். மொதல் பேரு மல்லிகா.

அவ களத்துல புளி தட்டினு இருந்தா. என்னைப் பாத்ததும் எழுந்து நின்னு, "வாங்க நர்சம்மா"ன்னு சாக்கை விரிச்சுப் போட்டா. நடந்ததை எல்லாம் சொன்னேன். மஞ்சள் காமாலை, நரம்பு, கோடு, என் பொண்ணு, எதையும் மறைக்கல. திங்கக்கிழமை பெரா டெஸ்டுக்கு நானே கூட வர்றேன், ஆபரேஷனுக்கு வயசு கடந்துனு இருக்கு, இருந்தாலும் பாத்துடலாம்னு சொன்னேன். பையன் செவத்தோரம் புளியங்கொட்டை அடுக்கினு இருந்தான். நாலு வயசு முடிஞ்சிடுச்சு. காதைப் பாக்கலாம்னு பக்கத்துல போயி கையை நீட்டினேன். ரெண்டு கையாலயும் தலையை மூடிக்கிட்டு அப்படியே குந்திட்டான்.

ஊசின்னு பயப்படறான் போலன்னு சொன்னேன்.

"ஊசிக்கு இல்ல நர்சம்மா." மல்லிகா புளியை வுட்டுட்டு வந்து அவன் பக்கத்துல உக்காந்தா. "காது கேக்குது, கண்டிச்சு வளக்கணும்னு சொன்னீங்களே. கேட்டும் வர மாட்டேங்கறானேன்னுதான் அடிச்சேன். அவுங்க அப்பாவும் அடிச்சாரு. தினிக்கும் அடிச்சோம்."

நான் அவ கையைப் புடிச்சேன். அவ இழுத்துக்கல, என்னைத் திட்டவும் இல்ல. பையன் தலையில இருந்து கையை எடுக்கலாமா வேணாமான்னு எங்க ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான்.

"திங்கக்கெழமை வர்றேன், எங்க வேணா வர்றேன். அது இருக்கட்டும். தெரியாம அடிச்சிட்டேன்டா கண்ணுன்னு இப்ப நான் இவன்கிட்ட எப்டி சொல்றது? நீங்க படிச்சவங்க, அதை மொதல்ல சொல்லுங்க."